அம்மப்பாவின் 43 இசைத்தட்டுகள்: எது என்ன, எதில் போடுவது, எப்படிக் கொம்பியூட்டரில் ஏற்றுவது?

பறண்காரி (கொக்குவில்)

வணக்கம். அம்மாவின் வீட்டுக்கு ஓடு மாற்றுகிறோம். வேலைக்கு வந்தவர்கள் பறணில் இருந்து ஒரு தகரப் பெட்டியை இறக்கித் தந்தார்கள். இறக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது. உள்ளே 43 இசைத்தட்டுகள்.

அம்மப்பா ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் லவுட்ஸ்பீக்கர் செட் வாடகைக்கு விட்டவர். கலியாண வீடு, சாமத்திய வீடு, கோயில் திருவிழா எல்லாவற்றுக்கும் போவார். 95 ஐப்பசி இடப்பெயர்வில் வீட்டை விட்டு வெளிக்கிட்டு அடுத்த வருடம் திரும்பி வந்தபோது அம்பிளிபயர் இல்லை, குழாய் ஸ்பீக்கர் இல்லை, இரண்டு யன்னலும் இல்லை. இந்தப் பெட்டியை மட்டும் ஒருவரும் தொடவில்லை. இவ்வளவு பாரத்தைத் தூக்கிக்கொண்டு போய் எதில் போட்டுக் கேட்பது என்று விட்டிருப்பார்கள்.

நான் பிரித்து அடுக்கிய விதம் இது. 10 அங்குலத்தில் கனமான தட்டு 31. தேநீர்த் தட்டு அளவில் சின்னது 7. பெரிய எல்பி 4. லேபலே இல்லாத ஒன்று. கனமான தட்டுகளின் லேபலில் பென்சிலால் கோடு கோடாகப் போட்டிருக்கிறது, நாலு கோடு கீறிக் குறுக்கே ஒன்று. சிலவற்றில் லேபல் நிறைய அதுதான். ஒரு தட்டில் இரண்டு பக்கமும் தோடி என்று இருக்கிறது, நாதஸ்வரம். அதில் கோடு ஆகக் கூட.

போன வருடம் கொழும்பில் வாங்கிய சூட்கேஸ் பிளேயர் ஒன்று என்னிடம் இருக்கிறது. 33, 45, 78 மூன்றும் போடும் என்று பெட்டியில் எழுதியிருந்தது. ஒரு கனமான தட்டைப் போட்டுப் பார்த்தேன். பாட்டு எங்கோ தூரத்தில் கேட்டது, கிட்டத்தில் மழை. சரி, ஊத்தைதான் காரணம் என்று நினைத்து, காயத்துக்குப் பூசும் ஸ்பிரிட்டைப் பஞ்சில் தொட்டு ஒரு ஓரத்தைத் துடைத்தேன். பஞ்சு கறுப்பாக வந்தது. சந்தோசமாக இன்னும் துடைத்தேன். அப்புறம்தான் பார்த்தால் துடைத்த இடம் மினுக்கம் போய்ச் சாம்பல் நிறமாகிவிட்டது.

நிறுத்திவிட்டேன். இனி என்ன செய்வது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கோ.

பழைய வால்வு (சுன்னாகம்)

பிள்ளை, முதல் அந்த ஸ்பிரிட் போத்தலை எடுத்து அலுமாரியில் வையுங்கோ.

நீங்கள் துடைத்தது ஊத்தை இல்லை, தட்டு. அந்தக் கனமான 31உம் வினைல் பிளாஸ்டிக் இல்லை. அவை அரக்கில் செய்தவை. அரக்கோடு கல்மாவும் கரியும் சேர்த்து, சூட்டில் அச்சில் அமத்தி எடுப்பது. உங்கள் வீட்டுப் பழைய கதிரைக்குத் தச்சர் பூசினாரே பொலிஷ், அது என்ன? அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்ததுதான். நீங்கள் தட்டைப் பொலிஷ் ஆக்கத் தொடங்கியிருக்கிறீர்கள்.

அரக்குத் தட்டா வினைலா என்று பார்க்க லேபல் தேவையில்லை. விரலில் நிறுத்தி நகத்தால் மெல்லத் தட்டிப் பாருங்கோ. அரக்கு என்றால் ஓட்டில் தட்டின மாதிரிச் சத்தம் வரும். வினைல் என்றால் ‘தொப்’ என்று இருக்கும். அரக்கு வளையாது, விழுந்தால் பீங்கான் மாதிரி உடையும். அது ஓடுவது நிமிடத்துக்கு 78 சுற்று. 10 அங்குலத் தட்டின் ஒரு பக்கம் மூன்று நிமிடம், கொஞ்சம் முன்பின். அந்தக் காலத்து வித்துவான்கள் ஒரு ராகத்தையே இந்த மூன்று நிமிடத்துக்குள் அடக்கினார்கள். உங்கள் தோடி இரண்டு பக்கத்துக்கு ஓடுகிறது என்றால் அது அந்தக் காலத்தில் தாராளம்.

எல்பி வந்தது 1948இல், கொலம்பியா கொண்டுவந்தது, 33⅓ சுற்று. அடுத்த வருடம் ஆர்சிஏ விக்டர் 7 அங்குலம், 45 சுற்று என்று கொண்டுவந்தது. உங்கள் சின்னத் தட்டு ஏழும் அந்தக் குடும்பம். அவை இரண்டும் வினைல், பள்ளம் மெல்லிசு. அதற்கு முக்கால் மில்லில் இருந்து ஒரு மில் அளவு ஊசி காணும். மில் என்றால் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. 78இன் பள்ளம் அகலம், அதற்கு 3 மில் ஊசி வேண்டும். உங்கள் சூட்கேஸ் பெட்டி 78 வேகத்தில் சுத்தும், சரி. ஆனால் ஊசி எல்பி ஊசி. அது பள்ளத்தின் சுவரைத் தொடாமல் அடியில் கிடந்து, அறுபது வருடத்து மண்ணை உழுகிறது. உங்கள் மழை அதுதான்.

பென்சில் கோடு பற்றி. நானும் பதினாறு வயதில் ஒரு செட்காரரிடம் கையாளாக நின்றவன். அந்தக் காலத்து இரும்பு ஊசியைப் பக்கத்துக்கு ஒன்றாக மாற்ற வேண்டும். நாய் படம் போட்ட தகர டப்பியில் 200 ஊசி வரும். தட்டின் சுரசுரப்பே ஊசியைத் தேய்த்துப் பள்ளத்துக்கு ஏற்ற மாதிரி ஆக்கிவிடும். தேய்ந்த ஊசியைத் திருப்பிப் போட்டால் அது தட்டைத் தேய்க்கும். எங்கள் முதலாளி தட்டு எத்தனை தரம் ஓடியது என்று லேபலில் கோடு போடுவார். அதிகம் ஓடினதைக் கலியாண வீட்டுக்கு எடுக்கமாட்டார், வேறு வீடுகளுக்கு எடுப்பார். எந்த வீடு என்று இங்கே எழுதவில்லை, விளங்கும்.

உங்கள் அம்மப்பாவும் அதே ஆளாகத்தான் இருக்க வேண்டும். தோடியில் கோடு கூட என்கிறீர்கள். அதைக் கடைசியாக எடுங்கோ. கோடு குறைந்த தட்டில் கை பழகுங்கோ.

லேபல் இல்லாததைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையே? அதைத் தனியாகப் பார்த்து எழுதுங்கோ. அதுவரை எதிலும் போடவேண்டாம்.

ரொறன்ரோ தம்பி

அக்கா, வால்வு அண்ணை சொன்னது முழுக்கச் சரி. நான் இங்கே மாமாவின் எல்பிகளைக் கொம்பியூட்டரில் ஏற்றினவன், அந்தப் பக்கத்தை மட்டும் சொல்கிறேன்.

சூட்கேஸ் பெட்டியை விடுங்கோ. ஊசி மாற்றக்கூடிய, 78 வேகம் உள்ள பிளேயர் ஒன்று வேண்டும். நான் வைத்திருப்பது ஓடியோ டெக்னிக்கா எல்பி120. அதில் தலையைக் கழற்றத் தேவையில்லை, ஊசியை மட்டும் இழுத்து 78க்கான 3 மில் ஊசியைச் செருகலாம். ஊசிப் பாரத்தை அந்த ஊசியின் பெட்டியில் எழுதியபடி மாற்றுங்கோ. எல்பியை விடக் கூடத்தான் இருக்கும்.

லப்டொப்பின் மைக் துளையில் மட்டும் கொழுவ வேண்டாம். யூஎஸ்பியால் எடுங்கோ. பதியவும் வெட்டவும் ஓடாசிட்டி என்ற மென்பொருள் இருக்கிறது, இலவசம். 78 மோனோ என்றாலும் ஸ்டீரியோவாகவே பதியுங்கோ. பள்ளத்துக்கு இரண்டு சுவர், ஒன்று மற்றதை விடக் குறையத் தேய்ந்திருக்கும். பதிந்த பிறகு இடதையும் வலதையும் தனித்தனியாகக் கேட்டு நல்லதை எடுக்கலாம். இரண்டும் ஒரே மாதிரி என்றால் சேர்த்து மோனோ ஆக்குங்கோ, ஊசி மேல் கீழாக ஆடுவதால் வரும் இரைச்சல் ஒன்றையொன்று வெட்டிக் கணிசமாகக் குறையும்.

சத்தம் உச்சத்தில் மைனஸ் 6 டெசிபலுக்கு மேல் போகாமல் பாருங்கோ. பிளேயர் விட்டால் பதிவின் நுணுக்கத்தை 24 பிட், 96 கிலோஹேர்ட்ஸ் என்று வையுங்கோ. அப்படி எடுத்தால் நிமிடத்துக்கு 35 எம்பி போகும். உங்கள் 31 தட்டு, 62 பக்கம், எல்லாம் சேர்த்து ஆறரை ஜிபி. அது ஒரு பென் டிரைவில் பாதிகூட இல்லை, ஆகவே எம்பி3இல் பதியும் எண்ணமே வேண்டாம். சுருக்காத வேவ் கோப்பை அப்படியே ஒரு பக்கம் வைத்துவிட்டு, பிரதி எடுத்து அதில்தான் வெட்டுக் கொத்து.

லப்டொப்பின் சார்ஜரைக் கழற்றிவிட்டுப் பதியுங்கோ. ‘ம்ம்ம்’ என்று ஒரு உறுமல் வந்தால் பாதிக்குப் பாதி அதுதான் காரணம்.

நல்ல விலை

43உம் எடுக்கிறேன். இன்பொக்ஸ் வாங்கோ.

பழைய வால்வு (சுன்னாகம்)

வந்துட்டார்.

பறண்காரி (கொக்குவில்)

எல்லாருக்கும் நன்றி. விற்கவில்லை, அம்மா பெட்டிக்குப் பக்கத்தில் கதிரை போட்டு இருக்கிறா.

மச்சாளின் மகன் வெள்ளவத்தையில் அதே எல்பி120 வைத்திருக்கிறானாம். பாவிப்பதே இல்லை, பஸ்ஸில் போட்டுவிடுகிறேன் என்றான். பஸ்ஸில் வேண்டாம், நீ வரும்போது மடியில் வைத்துக்கொண்டு வா என்று சொல்லியிருக்கிறேன். ஊசி ரொறன்ரோவில் இருந்து நல்லூர்த் திருவிழாவுக்கு வரும் ஆளிடம் வருகிறது. தம்பிக்குப் புண்ணியம்.

அதற்கிடையில் கழுவ ஆசை. அரக்குத் தட்டை என்னத்தால் கழுவுவது? கிணற்றுத் தண்ணியும் சவர்க்காரமும் காணுமா?

லேபல் இல்லாத தட்டை வெயில் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். கறுப்பு, நல்ல மினுக்கம், 10 அங்குலம். ஒரு பக்கத்தில்தான் பள்ளம். நடு ஓட்டைக்குப் பக்கத்தில் இன்னும் மூன்று சின்ன ஓட்டைகள். விளிம்பில் கறுப்புக் கழன்ற இடத்தில் வெள்ளித் தகரம் மாதிரி மினுங்குகிறது. மேலே வெள்ளையாக மா பூசின மாதிரி. பூஞ்சணம் என்று நினைக்கிறேன்.

பழைய வால்வு (சுன்னாகம்)

பிள்ளை, அது பூஞ்சணம் இல்லை. கவனமாக வாசியுங்கோ.

அது கடையில் விற்ற தட்டே இல்லை. அலுமினியத் தகட்டில் லாக்கர் என்ற மினுக்குப் பூச்சைப் பூசி, மெசினில் வைத்து நேரே வெட்டின தட்டு. ரேப் றெக்கோடர் பரவ முதல் றேடியோ நிலையங்களிலும் ஸ்ரூடியோக்களிலும் இதில்தான் பதிந்தார்கள். வெட்டும்போது தகடு வழுக்காமல் பிடிக்கத்தான் அந்த மேலதிக ஓட்டை. அச்சில் அடித்தது இல்லை, ஆகவே உலகத்தில் அது ஒன்றுதான். கடைத் தட்டு உடைந்தால் இன்னொருவர் வீட்டில் ஒன்று இருக்கும், இதற்கு இல்லை.

அந்த வெள்ளை மா, லாக்கருக்குள் இருந்த எண்ணெய்ப் பொருள் வருடக்கணக்கில் வெளியே கசிந்து படிந்தது. எண்ணெய் போகப் போக லாக்கர் சுருங்கும், அடியில் உள்ள அலுமினியம் சுருங்காது. கடைசியில் உரிந்துவிடும். விளிம்பில் தொடங்கிவிட்டது என்கிறீர்கள். அதைத் தண்ணியில் தோய்க்க வேண்டாம், ஸ்பிரிட் கிட்டவும் வேண்டாம். மெல்லிய தூரிகையால் ஊசி போகும் வழியில் தடவுங்கோ, வருவது வரட்டும்.

லாக்கர் மெழுகு மாதிரி. ஒவ்வொரு ஓட்டத்திலும் கொஞ்சம் போகும். ‘ஒருக்கால் கேட்டுப் பார்த்துவிட்டுப் பேந்து பதிவம்’ என்று நினைக்க வேண்டாம். ஓடாசிட்டியில் சிவப்புப் பொத்தானை அமத்தி, அது ஓடுகிறதா என்று கண்ணால் பார்த்த பிறகுதான் ஊசியை இறக்க வேண்டும். இன்னொன்று. இந்தச் சாதியில் சிலது நடுவில் தொடங்கி வெளியே போகும். வெளி விளிம்பில் இறக்கினால் ஊசி உள்ளே போகாமல் வழுக்கி விழுந்தால் பயப்பட வேண்டாம், நடுவில் இருந்து தொடங்குங்கோ.

மற்ற 31ஐயும் கழுவ, எங்கள் கிணற்றுத் தண்ணி கூடாது. இது சுண்ணக்கல் நிலம். கேத்திலின் அடியைப் பாருங்கோ, அந்த வெள்ளைதான் பள்ளத்துக்குள்ளும் காயும். கராஜில் பற்றரிக்கு விடும் காய்ச்சி வடித்த தண்ணி வாங்குங்கோ. அசிட் போத்தலும் பக்கத்திலேயே இருக்கும், பார்த்து வாங்குங்கோ. ஒரு லீற்றருக்குப் பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு மூன்று சொட்டு. லேபல் நனையாமல், பள்ளத்தோடு வட்டமாக, பழைய வேட்டித் துண்டால். ஊற வைக்க வேண்டாம். துடைத்து நிழலில் நிறுத்தி வையுங்கோ. அரக்கை வெயிலில் காய வைத்தால் அப்பளம் மாதிரி வளையும்.

ரொறன்ரோ தம்பி

வேகத்தைப் பற்றி ஒன்று. அண்ணைக்குத் தெரியும், அக்காவுக்காக எழுதுகிறேன். எல்லா 78உம் சரியாக 78இல் வெட்டினவை இல்லை, பழசுகளில் முன்பின் இருக்கும். நாதஸ்வரத்தில் பிடிபடாது. ஆர்மோனியம் கேட்கும் நாடகப் பாட்டு என்றால் சுருதிப்பெட்டியோடு ஒத்துப் பார்த்து ஓரளவு திருத்தலாம். ஓடாசிட்டியில் வேகம் மாற்றும் இடத்தில் 33⅓, 45, 78 மூன்றும் ஏற்கெனவே எழுதியே இருக்கும். 78 வேகம் இல்லாத பிளேயர்காரர்கூட 45இல் ஓட்டிப் பதிந்துவிட்டு அங்கே 78 ஆக்கலாம். அப்போது மந்தமும் உச்சமும் கொஞ்சம் பிசகும், ஒன்றும் இல்லாததற்கு அது பரவாயில்லை.

மந்தமும் உச்சமும் பிழையாகக் கேட்டால் பிளேயரில் பிழை இல்லை. வெட்டும்போது மந்தம் எவ்வளவு, உச்சம் எவ்வளவு என்பதற்கு, எல்பிக்கு ஆர்ஐஏஏ என்று ஒரே அளவு ஐம்பதுகளின் நடுவில்தான் நிலைத்தது. அதற்கு முந்தின 78களைக் கம்பனிக்குக் கம்பனி வேறு வேறு அளவில் வெட்டினார்கள். உங்கள் பிளேயர் எல்லாவற்றையும் ஆர்ஐஏஏ என்றே நினைக்கும். காதுக்குச் சரியாக வரும்வரை பிரதியில் கூட்டிக் குறையுங்கோ.

‘டிக் டிக்’ சத்தத்தை எடுக்கும் வசதியை மெல்லமாகப் பாவியுங்கோ. கூடக் கொடுத்தால் அது தவில் அடியையும் கீறல் என்று நினைத்துத் தின்றுவிடும்.

பறண்காரி (கொக்குவில்)

ஆறு கிழமை கழித்து எழுதுகிறேன். திருவிழாவுக்கு ஆளும் வந்தது, ஊசியும் வந்தது.

முதல் 13 தட்டு முடிந்துவிட்டது. கோடு குறைந்ததில் இருந்து. வால்வு அண்ணை சொன்னபடி வடித்த தண்ணியால் கழுவினேன், முதல் துண்டில் வந்த கறுப்பைப் பார்த்துத் திரும்பவும் அரக்கைக் கரைக்கிறேனோ என்று நெஞ்சு இடித்தது. இல்லை, அது உண்மையிலேயே ஊத்தை. 3 மில் ஊசியில் அதே தட்டு வேறு தட்டு மாதிரி இருக்கிறது. மழை தூறலாகிவிட்டது, பாட்டு முன்னுக்கு வந்துவிட்டது. ஸ்பிரிட் பூசின இடம் வரும்போது மட்டும் ‘உஸ்ஸ்’ என்று ஒரு சுற்றுக்கு ஒருக்கால் சொல்லிக் காட்டுகிறது.

லேபல்களை ஒரு கொப்பியில் எழுதுகிறேன். ஒரு தட்டின் இரண்டு பக்கத்திலும் லேபலில் ஒரே இலக்கம், ஆனால் லேபலுக்கும் பள்ளத்துக்கும் இடையில் உள்ள வெறும் இடத்தில் அச்சான இலக்கம் பக்கத்துக்குப் பக்கம் வேறு. கோப்பின் பெயரில் இரண்டையும் போடுகிறேன். லேபல் கிழிந்த இரண்டு தட்டு அந்த இலக்கத்தால்தான் எந்த நாடகத்தின் தட்டுகள் என்று பிடிபட்டன, வரிசையில் அடுத்தடுத்து வந்தன.

இனி லேபல் இல்லாதது.

நேற்றுப் பின்னேரம் ஆறு மணிக்கு, பக்கத்து வீட்டு ஆட்டும் கல் மெசின் நின்ற பிறகு போட்டோம். சார்ஜர் கழற்றி, சிவப்புப் பொத்தான் அமத்தி, கோடு ஓடுவதை அம்மாவும் நானும் பார்த்து, ஊசியை இறக்கினேன். வெளியில் இருந்துதான் தொடங்கியது. முதல் இருபது விநாடி ஒன்றும் இல்லை, இரைச்சல். தேய்ந்து தகரம் தெரியும் இடம் அதுதான். பிறகு ஒரு ஆண் குரல், நல்ல றேடியோக் குரல். இன்றைய மங்கல நிகழ்வுக்கு ஒலிபெருக்கி அமைப்பு என்று சொல்லி, அம்மப்பாவின் செட்டின் பெயர், கொக்குவில், வந்தவர்கள் அனைவருக்கும் வணக்கம் என்று போகிறது. ஒரு நிமிடம்கூட இல்லை. விளம்பரம்! கொழும்பில் காசு கொடுத்துப் பேசி வெட்டுவித்திருக்கிறார். போகும் வீடெல்லாம் முதலில் இதைத்தான் போட்டிருக்க வேண்டும், அதுதான் தொடக்கம் அப்படித் தேய்ந்திருக்கிறது.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. அம்மா அசையவில்லை. ‘இது ஐயா இல்லை. ஐயாவுக்கு மைக் எண்டால் பயம். அவர் இப்பிடிக் கதைக்கமாட்டார்’ என்றா.

ஊசி இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. எடுக்கக் கை கொண்டுபோனேன். அந்த நேரம் தூரத்தில் இருந்து, மைக்குக்குப் பின்னால் நின்று யாரோ கேட்கிற மாதிரி, இன்னொரு குரல்: ‘போதுமே?’

அவ்வளவுதான். பிறகு வெறும் பள்ளம்.

அம்மா எழும்பி விறாந்தைக்குப் போய்விட்டா. திரும்பி வந்து, ‘அதை இன்னொருக்கால் போடு’ என்றா. தட்டைப் போடவில்லை அண்ணை, கோப்பைத்தான் போட்டேன். பதினொரு தரம்.

கேள்வி என்னவென்றால், அந்தச் சொல் இரைச்சலுக்குள் அமிழ்ந்து கிடக்கிறது. சத்தம் குறைக்கும் வசதியைக் கொடுத்துப் பார்த்தேன். இரைச்சல் போகிறது, குரலும் தண்ணிக்குள் இருந்து கதைக்கிற மாதிரி ஆகிவிடுகிறது. என்ன செய்யலாம்?

ரொறன்ரோ தம்பி

அக்கா, அந்த இடத்தில் ஒன்றும் செய்ய வேண்டாம். ஒலியை மட்டும் நாலு டெசிபல் கூட்டுங்கோ, இரைச்சல் இருக்கட்டும். மேல் சுரங்களை மெல்லக் குறைத்தால் காதுக்குக் கொஞ்சம் இதம். மூலக் கோப்பை மூன்று இடத்தில் வையுங்கோ, ஒன்று எனக்கு அனுப்புங்கோ.

பழைய வால்வு (சுன்னாகம்)

தட்டை உறையில் போட்டு நிறுத்தி வையுங்கோ, படுக்க வைக்க வேண்டாம். பேப்பர் உறை காணும், பொலித்தீன் கூடாது.

தோடி ஓடும் நாள் சொல்லுங்கோ. சைக்கிளில் வருவேன்.

பறண்காரி (கொக்குவில்)

ஞாயிறு பின்னேரம் வாங்கோ அண்ணை. ஆட்டும் கல் மெசின் ஞாயிறில் இல்லை.